பாதி பவர்: திரும்புவதா, நேரே இறங்குவதா?

செஸ்னா 152 என்ற ஒற்றை இன்ஜின் சிறு விமானம் மேலேறி 400 அடியில் இன்ஜின் இருமுகிறது, ஆனால் நிற்கவில்லை. முழுதாக நின்றால் குழப்பமே இல்லை, மூக்கைத் தாழ்த்தி 60 நாட் வேகத்தை (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) வைத்துக்கொண்டு முன்னால் தெரியும் வயலில் இறங்க வேண்டியதுதான். பாதி பவர்தான் ஆசை காட்டும்.

ஓடுபாதைக்குத் திரும்பினால் விமானம் சேதமில்லாமல் தப்பலாம். ஆனால் உயரம் இறங்காமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) சுமார் 19% கூடிவிடும், அந்த நேரம் பார்த்து மீதி பவரும் போனால் கதை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 2010 வரை, புறப்பட்டதும் பாதி பவர் போன சம்பவங்கள் 242, முழுதாக நின்றவை 75. உயிர் போன விபத்துகள் ஒன்பதும் முதல் வகையில்தான்.

நேரே இறங்கினால் சக்கரம் உடையலாம். உடையட்டும், என் ஓட்டு இதற்குத்தான். 1000 அடி தாண்டி, உயரமும் நிற்கிறதா? சரி, கார்புரேட்டர் ஹீட்டை (கார்புரேட்டரில் படிந்த பனியைச் சூடான காற்றால் உருக்கும் குமிழ்) இழுத்துப் பார்த்துவிட்டு, அதிகம் சாய்க்காமல் திரும்பலாம்.