தவிட்டெண்ணெய் வாங்கும்போது ஒரைசனால் அளவைப் பாருங்கள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள மளிகைக் கடை ஒன்றில் வாங்கிய, இந்தியாவில் தயாரான தவிட்டெண்ணெயைச் சில வாரங்களாக எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலுக்குப் பயன்படுத்தி வருகிறேன். இதில் பொரித்த வடையும் அப்பளமும் எண்ணெய் வாடையின்றித் தம் மணத்தோடு வந்தன. சட்டி நன்கு காய்ந்த பிறகும் புகை எழாததால், அடுக்குமாடி வீட்டின் சிறிய சமையலறைக்கு இது மிகவும் ஏற்றது. தாளிப்பில் நல்லெண்ணெய் தரும் மணத்தை மட்டும் இதில் எதிர்பார்க்க முடியாது.

இந்த எண்ணெயை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சுவையைவிட முக்கியமான காரணம், அதன் சீட்டில் ஒரைசனால் அளவு அச்சிடப்பட்டிருந்ததுதான். ஒரைசனால் என்பது தவிட்டெண்ணெயில் இயற்கையாகவே உள்ள, கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவக்கூடும் என்று கருதப்படும் ஒரு பொருள். ஆலையில் அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய் இருக்கிறது. ஆனால், தீட்டிய உடனேயே லைப்பேஸ் என்னும் நொதி அந்த எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாகச் சிதைக்கத் தொடங்கிவிடுவதால், தவிட்டைத் தாமதமின்றிச் சூடேற்றி நொதியை முடக்கினால்தான் அது சமையல் எண்ணெய் எடுக்கத் தகுதியாக இருக்கும். பிறகு பெரும்பாலும் ஹெக்சேன் கரைப்பானைக் கொண்டு எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்கள்.

அடுத்து வரும் சுத்திகரிப்பில்தான் எண்ணெயின் தரம் முடிவாகிறது. எரிசோடா போன்ற காரம் சேர்த்துக் கொழுப்பு அமிலத்தைச் சோப்பாக மாற்றி நீக்கும் முறையில், ஒரைசனாலின் பெரும்பகுதியும் அந்தச் சோப்புக் கழிவோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது; அந்தக் கழிவிலிருந்தே ஒரைசனாலைத் தனியாகப் பிரித்து மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் பயன்படுத்துவதும் உண்டு. தவிடு என்ற கழிவிலிருந்து வரும் இந்தக் கழிவிலும் இத்தனை மதிப்பு இருப்பது எனக்குப் பெரும் வியப்பாகவே இருக்கிறது. காரத்துக்குப் பதிலாக வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தி அமிலத்தை வெளியேற்றினால், ஒரைசனாலின் பெரும்பகுதி எண்ணெயிலேயே தங்கும். நிறம் சற்று அடர்த்தியாக இருக்கும்.

நான் வாங்கியதில் 100 கிராமுக்கு 1 கிராமுக்கும் மேல் ஒரைசனால் இருப்பதாகக் குறிக்கப்பட்டுள்ளது. நிறமும் அடர்ந்த பொன்னிறம். எனினும், சுத்திகரித்த முறையைத் தெளிவாக எழுதாதது ஒரு குறை. அதற்குப் பதிலாக, ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதில்லை என்பதால், அந்த வாசகம் வாங்குபவருக்கு எதையும் புதிதாகச் சொல்வதில்லை. மேலும், இதன் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே ஒரைசனாலை நம்பி எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது சரியன்று.

சூரியகாந்தி எண்ணெயைவிட விலை சற்றுக் கூடுதல்தான். பொரிப்பதற்கும் வதக்குவதற்கும் இதையே மீண்டும் வாங்குவேன். ஒரைசனால் அளவு குறிக்கப்படாத தவிட்டெண்ணெய்க்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க மாட்டேன்.