“மூணு நாள்ல வீடு ரெடி அக்கா” என்று வருகிறவர்களிடம் கவனம்

வெல்லம்பிட்டி, கொலன்னாவை, சேதவத்தைப் பக்கம் வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வீடு திருத்திக்கொண்டிருக்கிறவர்கள் இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். “ஏமாந்துபோனேன்” என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். எப்படி ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

டித்வா சூறாவளி 2025 நவம்பர் 28 கரையைத் தொட்டது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது அடுத்த நாள் இரவு. கொழும்பில் மழை விட்டிருந்தது. மழைதான் விட்டுவிட்டதே என்று நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். களனி கங்கைக்குத் தண்ணீர் மலைநாட்டிலிருந்து வருகிறது, அங்கே பெய்தது இங்கே வந்து சேர நேரம் எடுக்கும் என்பது 2016 மே மாதமே பட்டுத் தெரிந்த விஷயம். தெரிந்தும் அடுப்படியில் நின்றேன். ஒன்பது மணிக்கு வாசற்படி, பதினொரு மணிக்குக் கட்டில் கால். மாமியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு நானாவின் மொட்டை மாடிக்கு ஏறினோம். விடிய விடிய அங்கேதான். காலையில் பள்ளிவாசலில் சமைத்த சோற்றுப் பார்சல் வள்ளத்தில் வந்தது. அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் அக்கா வீடு. இரண்டு அறையில் எட்டுப் பேர்.

அந்த எட்டுப் பேர் கணக்கைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். அக்கா ஒரு வார்த்தை முகம் கோணிப் பேசவில்லை. ஆனால் அத்தான் இரவில் ஹோலில் பாய் போட்டுப் படுப்பதைப் பார்க்கும்போது, “எப்ப வீட்டுக்குப் போவோம்” என்ற ஒரே நினைப்புத்தான். என் வீட்டுக்காரர் டோஹாவில். தினமும் போனில் “அவசரப்படாத, நான் லீவு கேட்டிருக்கன்” என்பார். அவருக்குச் சொல்வது சுலபம்.

டிசம்பர் 4 அளவில் தண்ணீர் வடிந்தது. வீடு வெள்ளத்தில் மூழ்காதவர்களுக்கு அந்தச் சேற்றை விளங்கப்படுத்துவது கஷ்டம். அது மண் மாதிரி இருக்காது. கிரீஸ் மாதிரி வழுக்கும், எண்ணெயும் கக்கூசும் சேர்ந்த மணம். ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும், காய்ந்தால் சீமெந்து மாதிரி பிடித்துவிடும். நானா தன் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவரும் மகனும் தும்புத்தடியோடு காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். சுவரை மேலிருந்து கீழாகக் கழுவுவார்கள். சேற்றை உர பேக்கில் கட்டி வாசலில் அடுக்குவார்கள். நான் பார்த்துவிட்டு, “நானா, இப்படிச் செய்தா எப்ப முடியும்?” என்றேன்.

“முடியுற நேரம் முடியும் தங்கச்சி. சுவர் குடிச்ச தண்ணிய சுவர்தான் துப்பணும். நாம அவசரப்பட்டா ஏலாது.”

அதைக் கேட்டிருக்கலாம்.

7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன லொறி ஒழுங்கைக்குள் வந்தது. மூன்று பொடியன்கள், ஒரு பிரஷர் மெஷின், அவர்களோடு முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். நல்ல தமிழ். சட்டைப் பையில் பேனை. மாமியை “அம்மா” என்றார். வீட்டுக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், போனில் கணக்குப் போட்டார். “சேறு, கழுவல், மருந்தடிக்கிறது, வயரிங் செக், பெயின்ட், எல்லாம் சேர்த்து 95,000. மூணு நாள் அக்கா. நாலாம் நாள் நீங்க பால் காய்ச்சலாம்.”

பால் காய்ச்சலாம் என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று மாமி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்.

காசு அவ்வளவு இல்லையே என்றேன். “அரசாங்கம் வீடு துப்புரவாக்க 25,000 குடுக்குது தானே, கிராம சேவகர்ட்ட பதிஞ்சிட்டீங்க தானே? அது வரும். இப்ப 60,000 அட்வான்ஸ் தாங்க, கெமிக்கல் எடுக்கணும். ஊர் முழுக்க தட்டுப்பாடு.” எனக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது என்னை உஷாராக்கியிருக்க வேண்டும். விபரம் தெரிந்த ஆள் என்று நம்பிக்கைதான் கூடியது.

நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். நூறு ரூபா சில்லறைச் செலவுக்குக்கூட வவுச்சரில் கையெழுத்து இல்லாமல் காசு கொடுக்கமாட்டேன், முதலாளிக்கே கொடுக்கமாட்டேன் என்று கடையில் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட நான், 60,000 ரூபாவுக்குக் கொப்பியில் கிழித்த அரைத் தாளை வாங்கிக்கொண்டேன். அதில் தொகையும் ஒரு கிறுக்கலும் மட்டும். அவர் தந்த கார்ட்டில் ஒரு வாட்ஸ்அப் நம்பர், ஒரு துடைப்பத்தின் படம். விலாசம் இல்லை. முழுப் பெயரும் இல்லை.

வேலை தொடங்கியது. பிரஷர் மெஷினை நேரே சுவரில் பிடித்தார்கள், ப்ளக் பொயின்ட் எல்லாவற்றின் மேலும் சேர்த்து. சேற்றை வழிக்கவில்லை, தண்ணீரால் அடித்து முன்வாசலால் கானுக்குள் தள்ளினார்கள். கான் அடைத்து அடுத்த மூன்று வீட்டுக்காரரும் என்னைத்தான் ஏசினார்கள். நியாயமான ஏச்சு.

அன்று மத்தியானம் ஒரு பொடியன் குளியலறையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, அதன் மேலேயே கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றினான். “அப்பதான் கிருமி சாகும்.” மஞ்சள் பச்சையாக ஒரு புகை எழும்பியது. மாமி உள்ளே எதையோ எடுக்கப் போனவர், இருமிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். அது குளோரின் வாயு. அந்த இரண்டையும் ஒருநாளும் சேர்க்கக் கூடாது. இது தெரியாதவர்கள்தான் “மருந்தடிக்கிற” நிபுணர்கள். கிருமிக்குப் பயப்படுவதானால் எலிக்காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டும். வெறுங்காலோடு அந்தச் சேற்றில் நிற்கக் கூடாது, பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டால் யார் டொக்சிசைக்கிளின் குடிக்க வேண்டும் என்று சொல்லுவார்கள். அந்தப் பொடியன்களுக்கு, கூட்டிவந்த ஆள் ஒரு சோடி பூட்ஸ்கூட வாங்கிக் கொடுத்திருக்கவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இரண்டாம் நாள்தான் அலுமாரி போனது.

மாமாவின் பலா மர அலுமாரி அது. மாமா உயிரோடு இருந்தபோது 1989 ஜூன் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு, அலுமாரியின் பக்கப் பலகையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வருடத்தை எழுதியிருந்தார். 2016இல் அதே மாதிரி இரண்டாவது கோடு. நாகலகம் வீதியில் கங்கைக்கு அளவுகோல் இருக்கிற மாதிரி எங்கள் வீட்டுக்கு அந்த அலுமாரி. பிள்ளைகள் வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள்.

அந்த ஆள் அதன் கதவை ஆட்டிப் பார்த்தார். ஊறியதில் இறுகியிருந்தது. “முடிஞ்சுது அக்கா. உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சிட்டா பிள்ளைகளுக்கு வீசிங் வரும். மற்றக் குப்பையோட ஏத்திறன், அதுக்குக் காசு வேணாம்.” மெலமைன் போர்ட் அலுமாரிகள் இரண்டு ஏற்கெனவே பிஸ்கட் மாதிரி உப்பி உதிர்ந்து வாசலில் கிடந்தன. அதைப் பார்த்த கண்ணுக்கு இதுவும் அப்படித்தான் ஆகும் என்று பட்டது. மாமி ஒன்றும் பேசவில்லை. எனக்காகத்தான் பேசவில்லை. பொடியன்கள் நாலு கை பிடித்து ஏற்றினார்கள். லொறியில் போர்ட் துண்டுகளைத் தூக்கி எறிந்தார்கள். அலுமாரியை மட்டும் கீழே சாக்கு விரித்து வைத்தார்கள். அந்தச் சாக்கை நான் கண்ணால் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஒரு ஹீட் கன்னால் சுவருக்குச் சூடு காட்டினார்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்த சுவர். உடனே “டேம்ப் கெமிக்கல்” என்று ஏதோ வெள்ளையாக அடித்து, அதன் மேல் இளமஞ்சள் எமல்ஷன். சொன்னது சொன்னபடி மூன்றே நாள். மிச்சம் 35,000ஐயும் கொடுத்தேன். நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். நானா எட்டிப் பார்த்துவிட்டு, “வடிவா இருக்கு” என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டுச் சுவர் அப்போதும் சேற்றுக் கறையோடு, ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடந்தது.

பொங்கல் அன்று பானை பொங்கியது. நாலைந்து நாளில் சுவரும் பொங்கத் தொடங்கியது. முதலில் கட்டிலுக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு கொப்புளம். ஹேர்பின்னால் குத்திப் பார்த்தேன். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வழிந்து நிலத்துக்கு வந்தது. இரண்டு கிழமையில் சுவரின் கீழ்ப்பாதி முழுக்கக் கொப்புளம், உப்புப் பூத்து, மூலைகளில் கறுப்பு. மகளுக்கு இரவில் இருமல். பெயின்ட் போட்டதால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. பழைய சோனகத் தெருவில் ஒரு பெயின்ட் கடையில் போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் தலையில் கை வைத்தார். “ஈரச் சுவருக்கு எந்த பெயின்ட் அடிச்சாலும் இதுதான் மிஸ். டின்லயே எழுதியிருக்குமே.”

வயரிங் கதையும் அதே கதைதான். எங்களுக்கு வேண்டப்பட்ட வயரிங் பாஸ் வந்து ஒரு ப்ளக் பொயின்ட்டின் மூடியைக் கழற்றினார். பெட்டி நிறையச் சேறு, காய்ந்து அச்சு வார்த்த மாதிரி. நடுவில் ஒரு சின்ன நத்தை ஓடு. “இதை யார் செக் பண்ணினது?” என்று கேட்டார். ட்ரிப் சுவிச் ஒழுங்காக வேலை செய்த புண்ணியத்தில்தான் நாங்கள் இருக்கிறோமாம்.

அலுமாரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கதவு திருத்த வந்த தச்சு பாஸிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் வேலையை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “பலா ஒரு கிழமை தண்ணியில கிடந்தா என்ன மிஸ்? நிழல்ல வச்சுக் காயவிட்டா கதவு தானாத் திறக்கும். வெயில்ல வச்சாத்தான் வெடிக்கும்.” இரண்டு வெள்ளத்தில் நின்று எழும்பியது என்று அந்தப் பலகையிலேயே எழுதியிருந்ததே. அதை வாசித்து வாசித்துத்தானே பத்து வருஷம் அந்த வீட்டில் இருந்தேன்.

வாட்ஸ்அப்பில் அழைத்தேன். முதல் நாள் “வாறன் அக்கா”. இரண்டாம் நாள் “சுவர்ல பிழை, எங்கட வேலையில பிழை இல்ல”. மூன்றாம் நாள் புரொபைல் படம் மறைந்தது. பொலிஸில் என்ட்ரி போட்டேன். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் நம்பருக்கும் எடுத்தேன். பில் இருக்கா, யாருடைய பெயரில், எந்த விலாசம்? கேட்டது நியாயம்தான், சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்றார்கள். அங்கேயும் எதிர்த்தரப்புக்குக் கடிதம் அனுப்ப ஒரு விலாசம் வேண்டுமே.

இப்போது பெயின்டைச் சுரண்டி எடுத்தாயிற்று. அதற்கு மேசன் பாஸுக்கு வேறாகக் காசு. நானாவின் முறைதான் இனி எங்கள் முறையும்: ஜன்னல் கதவு திறந்து, காற்றாடி ஓடவிட்டு, பொறுத்திருப்பது. சுவர் காய்ந்ததா என்று பார்க்க மேசன் பாஸ் ஒரு வழி சொல்லித் தந்தார். ஒரு முழம் சதுரத்துக்குப் பொலித்தீன் வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரோடு இறுக ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கை தொட்டுப் பார்ப்பது எதற்கும் உதவாது, என் கைதான் சாட்சி. இன்று காலையும் ஒட்டிப் பார்த்தேன், வேர்வைதான். இதற்கு மாதக்கணக்கில் எடுக்கும். மூன்று நாளில் காயவைக்கிறேன் என்று யாராவது வந்தால் ஒரு துண்டு பொலித்தீனை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடையாள அட்டையைப் போட்டோ எடுக்கக் கேளுங்கள், லொறி நம்பரை எழுதுங்கள். காசு முடிந்த வேலைக்கு மட்டும். மரச் சாமான் எதையும் ஒரு தச்சு பாஸ் பார்க்காமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள், இலவசமாக ஏற்றுகிறேன் என்றால் கட்டாயம் விடாதீர்கள்.

ஒரு உதவியும் வேண்டும். பழைய தளபாடம் வாங்கி விற்கிற இடங்களில், இரட்டைக் கதவு, பித்தளைக் கைபிடி, இடது பக்கப் பலகையில் பென்சிலால் 1989, 2016 என்று எழுதிய இரண்டு கோடுகளோடு ஒரு பலா அலுமாரியைக் கண்டால் எனக்கு இன்பொக்ஸில் ஒரு மெசேஜ் போடுங்கள். பொலிஷ் போட்டிருந்தால் கோடு மங்கலாக இருக்கும், சரித்துப் பார்த்தால் தெரியும். யார் விற்றது என்று கேட்கமாட்டேன். கேட்கிற விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். மாமி இந்த முறை தண்ணீர் நின்ற உயரத்தை நூலால் அளந்து, அந்த நூலைச் சாமிப்படத்துக்குப் பின்னால் சுற்றி வைத்திருக்கிறார்.