ஓடும் பிள்ளைகளைப் பிடிக்க கேனான் 1500டி போதுமா?

முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கும் அப்பா அம்மாக்கள் பலர் கேனான் ஈஓஎஸ் 1500டி-யில்தான் வந்து நிற்கிறார்கள். 2018-ல் வந்த கேமரா, 24.1 மெகாபிக்சல், கூடவே 18-55 லென்ஸ். பிள்ளை நம்மைக் கவனிக்காமல் தன்பாட்டுக்கு விளையாடும்போது எடுக்க இது சரிப்படும், ஆனால் இதன் வேகம் எதுவரை என்று தெரிந்து வாங்க வேண்டும்.

தொடர்ந்து எடுத்தால் நொடிக்கு 3 படம்தான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடக்கும் அந்த மூன்றில் ஒரு நொடிக்குள் குழந்தை சிரித்து முடித்து, தலையைத் திருப்பி, கையிலிருந்த முறுக்கையும் கீழே போட்டிருக்கும். அதனால் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒன்று நன்றாக விழும் என்று நம்புவது இதில் வேலைக்கு ஆகாது. பாதி அழுத்தி ஃபோகஸை முன்பே பிடித்து வைத்துக்கொண்டு, முகம் மாறத் தொடங்கும்போதே மீதியை அழுத்துங்கள். பழைய பாக்கெட் கேமராக்களில் அழுத்திய பிறகு ஒரு இழுவை இருக்குமே, வியூஃபைண்டரில் கண் வைத்து இப்படி எடுத்தால் அது தெரியவே தெரியாது. பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ மட்டும் வேண்டாம். அதில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிவிட்டுத்தான் நிற்கும்.

நொடிக்கு எத்தனை படம் என்பதைவிட வீட்டு வெளிச்சம்தான் பெரிய தொல்லை என்பேன். டியூப்லைட்டில் ஆட்டோவில் விட்டால் ஷட்டர் வேகம் 1/60 நொடி அளவுக்கு இறங்கிவிடும், முகம் தெளிவாக வந்தாலும் ஆட்டிய கை கலங்கிப்போகும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் 'Tv' மோடில் 1/250 வைத்தால் கை நிற்கும், ஆனால் கூட வரும் லென்ஸ் ஜூமில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்), வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓ மேலே போய் படம் பொரிப்பொரியாகிவிடும். கேனானின் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், இன்னும் வேகமான கேமராவுக்குச் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள். என்ன, இந்த கேமராவில் அது 80 மிமீ போலக் குறுகலாகத்தான் பார்க்கும், சின்ன ஹாலில் முதுகு சுவரில் முட்டும்.

அப்புறம் ஃபோகஸ் புள்ளிகள். மொத்தம் 9, அதில் நடுப்புள்ளி மட்டும்தான் க்ராஸ் டைப், அதாவது நெடுக்குக் கோடு, குறுக்குக் கோடு இரண்டிலும் ஃபோகஸ் பிடிக்கும் வகை. ஓடுகிற பிள்ளைக்கு ஏஐ சர்வோவில் (நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) போட்டு நடுப்புள்ளியை முகத்தின்மேல் வைத்தே எடுங்கள், ஃப்ரேம் அழகைப் பிறகு வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம், 24 மெகாபிக்சலில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.