வீட்டில் சாக்லேட் முந்திரி: டிரம், காற்று, பளபளப்பு

மாவு பிசையப் பயன்படும் ஸ்டாண்ட் மிக்ஸரின் முகப்பில் மாட்டிச் சுழலவிடும் சிறிய கோட்டிங் டிரம் ஒன்றைச் சில வருடங்களாகச் சென்னை வீட்டில் பயன்படுத்துகிறேன். முந்திரி, பாதாம், காபிக்கொட்டை, உலர்திராட்சை எல்லாவற்றையும் அதில் உருட்டி, சாக்லேட் பூசி, பாலிஷும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரம் நன்றாகத்தான் உழைக்கிறது. ஆனால் பளபளப்பு வருமா வராதா என்பது அறையின் காற்றையும், நடுவில் கொடுக்கும் ஓய்வையும் பொறுத்தது. ஏசியும் ஓர் ஈரப்பத மீட்டரும் இல்லாத வீட்டில் இதை வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

முறை ஒன்றும் புதிதல்ல. சீரக மிட்டாய் இப்படித்தான் உருவாகிறது. சுழலும் பாத்திரத்தில் சீரகம் உருள உருள, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, காயவிட்டு, மறுபடி ஊற்றுவார்கள். மாத்திரைகளுக்கும் இதே வழியில்தான் சர்க்கரைப் பூச்சு ஏறியது. சாக்லேட் என்று வரும்போது ஒன்று தலைகீழாகிறது. பாகு காயச் சூடான காற்று வேண்டும். சாக்லேட் இறுகக் குளிர்ந்த காற்று வேண்டும், அதுவும் ஈரமில்லாத காற்று. சென்னையில் மொத்தப் பாடும் இந்த ஒரு தேவையில்தான்.

பருப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பண்ருட்டி முந்திரியில் உடையாத முழுப்பருப்பு, 320 என்று தரம் போட்டது, வாங்குவேன். ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு வரும் அளவு அது. வறுத்தபின் முழுக்க ஆறவேண்டும். கையில் லேசாகச் சூடு தெரிந்தால்கூட முதல் பூச்சு வழிந்து ஓடிவிடும். முந்திரியின் வளைவுதான் பெரிய சோதனை. உள்பள்ளத்தில் சாக்லேட் கடைசியாகத்தான் நிரம்பும். இரண்டு பருப்பு ஒன்றையொன்று கட்டிக்கொண்டால் அப்படியே இறுகிவிடும். அதனால் முதல் சில கரண்டி வரை கையுறை போட்டுக்கொண்டு, ஒட்டியதைப் பிரித்துக்கொண்டே இருக்கவேண்டும். முதல்முறை செய்பவர்கள் பாதாமில் தொடங்குவது நல்லது. உலர்திராட்சை தானே பிசுபிசுப்பு. கோகோ தூளில் புரட்டியபிறகே டிரம்மில் போடுங்கள்.

சாக்லேட்டுக்கு முன்னால் கம் அரபிக் என்ற உண்ணக்கூடிய மரப்பிசினின் கரைசலில் ஒரு மெல்லிய பூச்சு, அதன்மேல் கோகோ தூள். இதைத் தேவையில்லாத வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு வித்தியாசம் தெரியாதுதான். நாள் போகப் போகப் பருப்பின் எண்ணெய் வெளியே கசிந்து, சாக்லேட்டை இளக்கி, மேலே வெள்ளை பூக்க வைக்கும். பிசின் பூச்சு அந்தக் கசிவைத் தடுக்கிறது. பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் இதை விடவே கூடாது.

எனக்குப் பிடித்தது 55 சதவீத டார்க் கூவர்ச்சர், அதாவது கோகோ வெண்ணெய் அதிகமுள்ள சாக்லேட். காம்பவுண்ட் சாக்லேட் நம் வெயிலைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் நாக்கில் மெழுகு போலத் தங்குகிறது. இவ்வளவு நேரம் செலவழித்துச் செய்வதற்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவில் செய்த சாக்லேட்டையும் பூசியிருக்கிறேன். வாசனை அருமை. கெட்டியாக இருந்தால் சிறிது கோகோ வெண்ணெய் சேர்த்து இளக்கிக்கொள்ளவேண்டும்.

அரைக் கிலோ பருப்புக்கு முக்கால் கிலோ சாக்லேட் என் கணக்கு. சுமார் 35 டிகிரியில் வைத்துக்கொண்டு, ஒரு சிறு கரண்டி ஊற்றி, எல்லாப் பருப்பிலும் பரவி ஈரப்பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து அடுத்த கரண்டி. அச்சில் ஊற்றும் சாக்லேட்டுக்குப் போல இங்கே கறாரான டெம்பரிங், அதாவது சூட்டை ஏற்றி இறக்கிக் கோகோ வெண்ணெயைச் சீராகப் படிகமாக்கும் வேலை, கட்டாயமில்லை. ஏற்கெனவே இறுகிய அடுக்கும் ஓயாத உராய்வும் சேர்ந்து கோகோ வெண்ணெயைச் சரியாகப் படிகமாக்க உதவுகின்றன. அவசரப்பட்டு இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றினால் பருப்பு திரண்டு கட்டியாகும். பொறுமையாகப் போனால் ஒன்றரை மணிநேரம் போல ஆகும். கடைசிச் சில கரண்டிகளுக்குக் குளிர்க்காற்றை நிறுத்திவிடுவேன். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சற்றே காட்டினால் மேடுபள்ளம் இளகி, ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகிவிடும். இந்தக் கட்டத்தில் வழவழப்பு வராத பருப்புக்கு எந்தப் பாலிஷ் போட்டும் பயனில்லை.

பக்கத்து வீட்டு அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, மேலே நெய் தடவியிருக்கியா?” என்று கேட்டார். நெய்யோ எண்ணெயோ தடவினால் கொஞ்ச நேரம் மினுங்கும். பிறகு சாக்லேட்டின் மேல்தோல் இளகி மங்கிப்போகும். பாலிஷுக்கு வழி வேறு.

பூச்சு முடிந்ததும் தட்டில் பரப்பி, 18 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிடவேண்டும். சாக்லேட் உள்ளே இன்னும் இறுகிச் சுருங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. அன்றே பாலிஷ் போட்டால் மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழும். மறுநாள், 40 கிராம் கம் அரபிக்கை 60 மி.லி. வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய கரைசலில் கொஞ்சம் லிக்விட் குளுக்கோஸ் கலந்துகொள்கிறேன். வெறும் பிசின் காய்ந்தால் நொறுங்கும். குளுக்கோஸ் அதற்கு வளையும் தன்மை தருகிறது. ஒரு கிலோ சொச்சம் பருப்புக்கு 10 மி.லி. போதும். காற்றை நிறுத்திவிட்டு ஊற்றி, எல்லாம் சமமாக நனைந்தபிறகுதான் காற்றைத் திறக்கவேண்டும். முதலில் மங்கலாக, பிசுபிசுவென்று இருக்கும். நீர் வற்ற வற்ற, உருண்டுகொண்டிருக்கும்போதே பளபளப்பு எழும். அந்த நேரத்தில் டிரம்மை விட்டு நகராதீர்கள். காய்ந்தபிறகும் சுழலவிட்டால் வந்த பளபளப்பை அதுவே கீறிவிடும். இரண்டாவது பூச்சோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிசினோடு விட்டால் விரல் ஈரம் பட்டதும் ஒட்டும். மழைக்காலத்தில் சீக்கிரம் மங்கும். அதை மூடிக்காப்பது ஷெல்லாக், அதாவது அரக்கு. பாக்கெட்டின் பின்புறம் ஐ.என்.எஸ். 904 என்ற உணவுச் சேர்க்கைப் பொருள் எண் இருந்தால் அதுதான். அரக்குப் பூச்சியிலிருந்து வருவது என்பதால் சைவத்தில் கறாராக இருப்பவர்களிடம் நான் சொல்லிவிட்டே கொடுக்கிறேன். நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம் அதிகம் விளைகிறது. 1924-லேயே ராஞ்சிக்கு அருகே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டார்கள். சில துளிகள் ஊற்றி, சில சுற்று சுற்றி, ஒட்டத் தொடங்கும்போதே நிறுத்தித் தட்டில் பரப்பவேண்டும். கரைசலில் ஆல்கஹால் இருப்பதால் அடுப்போ ஹேர் டிரையரோ பக்கத்தில் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: மரச்சாமான் பாலிஷுக்கு விற்கும் ஷெல்லாக்கைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் சேரும் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கக்கூடும், அது விஷம். உணவுத் தரம் என்று அச்சிட்டது கிடைக்காவிட்டால் பிசினோடு நிறுத்துங்கள், அல்லது கோகோ தூளில் புரட்டிவிடுங்கள். கோகோ தூள் புரட்டிய பாதாமுக்குப் பாலிஷே வேண்டாம்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர் சாக்லேட்டின் சர்க்கரையைக் கரைத்துக் காயும்போது சொரசொரப்பான வெள்ளைப் படலம் ஆகிறது. விரலால் தேய்த்தால் மறைவது கொழுப்புப் பூப்பு; மறையாமல் நெருடினால் ஈரத்தின் வேலை. எல்லோரும் கேட்பது தீபாவளிக்கு, அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மலைக்குளிர் துணை இருக்கிறது, நமக்கு ஏசிதான். கதவைச் சாத்தி, ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு, மீட்டர் 50 சதவீதத்துக்கு வந்தபிறகே டிரம்மைத் தொடுகிறேன். ஐஸ் வைத்து ஃபேன் போடும் யோசனை வேண்டாம், அது ஈரத்தைத்தான் கூட்டும்.

டிரம்மைப் பற்றி: துரு இல்லை, வளையவில்லை. மிக்ஸரின் தலைதான் நீண்ட ஓட்டத்தில் சுடுகிறது. அரைமணிக்கு ஒருமுறை ஓய்வு கொடுக்கிறேன். சுவரில் படிந்த மெல்லிய சாக்லேட்டை முழுக்கச் சுரண்டவேண்டியதில்லை. அந்தப் பிடிமானம் இருந்தால்தான் பருப்பு வழுக்காமல் மேலேறி அருவிபோல விழும். பாலிஷ் போடும் அன்றுமட்டும் சுத்தமாகக் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து மாட்டவேண்டும்.

முடிந்த பருப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, கோடையில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காமல், டப்பா அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே விட்டுவையுங்கள். பரிசாகக் கொடுப்பவர்களிடமும் இதைச் சொல்லியே அனுப்புகிறேன்.