செகிரோ: குறை வாளில் இல்லை, கேமராவில் இருக்கிறது

‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ என்ற வாள்சண்டை வீடியோ கேம் தள்ளுபடி விலையில் வந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடவே, ஆட்டம் வெளியான 2019ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு விமர்சனத்தையும் அனுப்பியிருந்தார். இதன் சண்டை, சரியான நொடியில் ஒரே பொத்தானை அழுத்தும் சோதனை மட்டுமே என்பது அந்த விமர்சகரின் முதல் குற்றச்சாட்டு. கட்டுப்பாடுகள் பிந்தி இயங்குகின்றன என்பது இரண்டாவது. ஆபத்தான தாக்குதல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு எழுத்தைக் காட்டுவது ஆட்டக்காரரைக் குழப்புகிறது என்பது மூன்றாவது. வெளியான ஆண்டிலிருந்து விட்டு விட்டு விளையாடி வருகிறேன். இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

தடுப்பதற்கும் எதிரியின் வாளைத் தட்டிவிடுவதற்கும் கன்ட்ரோலரின் எல்1 பொத்தான் ஒன்றுதான் என்பது உண்மையே. ஆனால், எதிரியின் உயிரளவைக் குறைப்பதைவிட அவனுடைய நிலைகுலைவுப் பட்டையை (நிரம்பினால் அவனைக் கொல்லும் வெட்டுக்கு வழி திறக்கும்) நிரப்புவதுதான் இங்கே சண்டையின் இலக்கு என்பதால், தட்டிவிடுதல் தற்காப்பாக நின்றுவிடாமல் தாக்குதலாகவே ஆகிவிடுகிறது. பயந்துபோய் எல்1ஐப் படபடவென்று அழுத்தினால், ஏறத்தாழ 0.2 நொடியாக இருக்கும் தட்டிவிடும் வாய்ப்பு ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சுருங்கிக்கொண்டே போகும். பின்வாங்கி மூச்சு வாங்கலாம் என்று ஒதுங்கினாலோ எதிரியின் பட்டை இறங்கிவிடும். அதே நேரத்தில், அவனுடைய உயிரளவு குறையக் குறைய அந்தப் பட்டை மெதுவாகத்தான் இறங்கும் என்பதால், எப்போது வெட்டுவது, எப்போது காத்திருப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. காதும் இதில் பங்கெடுக்கிறது. நாம் வெட்டும்போது எதிரி சாதாரணமாகத் தடுத்தால் ஓசை மந்தமாக இருக்கும். தட்டிவிட்டால் பொறி பெரிதாகப் பறந்து, ஓசை கூர்மையாக ஒலிக்கும். அந்த ஓசை கேட்ட உடனே வெட்டுவதை நிறுத்தி எல்1க்கு மாற வேண்டும், ஏனென்றால் அடுத்த வீச்சு அவனுடையது. இவ்வளவையும் ஒரு பொத்தான் சோதனை என்று சுருக்குவது நியாயமில்லை.

கட்டுப்பாடுகள் பிந்துகின்றன என்ற குற்றச்சாட்டுதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. இதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் ஆட்ட வரிசையில் வாளை ஓங்கிவிட்டால் வீசி முடிக்கும்வரை நிறுத்த முடியாது. செகிரோவில் வீச்சின் தொடக்கத்திலேயே எல்1ஐ அழுத்தினால், அந்த வெட்டு கைவிடப்பட்டு வாள் தடுப்புக்கு வந்துவிடும். வெட்டும் பொத்தானான ஆர்1இலிருந்து எல்1க்கு விரல் மாறும் அந்தக் கணத்தில் திரையில் உள்ள உடலும் மாறுவதை உணர்ந்தவர்கள் இதை மந்தம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த விமர்சகர் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கருவியில் விளையாடியிருந்தால், பிரேம் விகிதம், அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, ஏறி இறங்குவதை அவர் உணர்ந்திருக்கலாம். பிஎஸ்5இல் அது 60இல் நிலையாக நிற்கிறது. தொலைக்காட்சியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்காமல் விளையாடினாலும் இதே தாமதம் தோன்றும். இவை கருவிகள் சார்ந்த சிக்கல்கள்.

சிவப்பு எழுத்தைப் பற்றிய வாதத்துக்கு, ஆட்டத்தின் பெரிய எதிரிகளில் ஒருவனான கெனிச்சிரோவே பதில். அஷினா கோட்டையின் உச்சியில் அவன் எம்பிக் குதித்து வாளை இறக்கிய பிறகு, அதே எழுத்துத் தோன்ற, சில நேரம் நேராகக் குத்துவான், சில நேரம் காலை நோக்கித் தாழ்வாக வீசுவான். குத்துக்கு முன்னோக்கிப் பாய்ந்து வாளை மிதிக்க வேண்டும். தாழ்வான வீச்சுக்கு எம்பிக் குதிக்க வேண்டும். எழுத்து ஆபத்து வருகிறது என்பதை மட்டும் அறிவிக்கிறது. எந்த ஆபத்து என்பதை அவனுடைய தோளும் வாளின் நுனியும் சொல்கின்றன. குத்து, தாழ்வான வீச்சு, பிடி ஆகிய மூன்றுக்கும் மூன்று குறிகள் வைத்திருந்தால் நாம் குறியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போமே தவிர எதிரியைப் பார்க்க மாட்டோம். கெனிச்சிரோவைக் கண்கொட்டாமல் பார்க்க வைப்பதுதான் இந்த ஆட்டத்தின் பெருமை.

இத்தனை நுணுக்கமாகக் குறை தேடிய அந்த விமர்சகர், சண்டையை நமக்குத் திரையில் காட்டும் கேமராவை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எதிரியின் மீது பார்வையைப் பூட்டிக்கொண்டு சண்டையிடும்போது நம் முதுகு சுவரில் பட்டுவிட்டால் போதும், கேமரா கூரையைப் பார்க்கும், அல்லது நம் தலையையே திரை முழுவதும் நிரப்பும், சில வேளைகளில் பூட்டும் கழன்றுவிடும். ஆட்டம் தொடங்கும் அதே கிணற்றின் அடித்தளத்துக்குப் பின்னர் திரும்பி வரும்போது, அங்கே நீள்வாள் ஏந்திய தனிநிழல் வீரன் ஒருவன் காத்திருப்பான். அவனுடைய உதைகள் வேகமானவை. இடமோ மிகக் குறுகியது. எதிரியின் உடலைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆட்டம், அவனை எதிர்கொள்ளும்போது அந்த உடலையே மறைத்துவிடுகிறது. வாளை எப்போது தட்டிவிட வேண்டும் என்று தெரிந்திருந்தும் வாள் கண்ணில் படாமல் சாவது எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியும் பழகவில்லை. பார்வையைப் பூட்டும் ஆர்3 பொத்தானை அழுத்திப் பார்வையை மீட்கலாம் என்பார்கள். அதற்குள் அடுத்த உதை விழுந்துவிடும். 2020 அக்டோபரில் வந்த இலவசப் புதுப்பிப்பில் பெரிய எதிரிகளோடு மீண்டும் மோதும் வசதியைச் சேர்த்தார்கள். கேமராவை அப்படியே விட்டுவிட்டார்கள்.

வாள் சண்டையில் இதற்கு இணையாக இன்னோர் ஆட்டத்தை நான் விளையாடியதில்லை. ஆனாலும், நேற்றிரவு மீண்டும் அந்தக் கிணற்றுக்குள் இருந்துவிட்டு வந்து இதை எழுதுவதால், பத்துக்கு ஏழுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் மறுக்கும் அந்த விமர்சகரே எட்டு கொடுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நண்பரிடம் வாங்கச் சொல்லிவிட்டேன்: கன்ட்ரோலரில் விளையாடுங்கள், கேம் மோடை மறக்காதீர்கள், குறுகிய இடங்களில் முதல் வேலையாகச் சுவரைவிட்டு விலகி நில்லுங்கள்.