உப்புக்காற்றில் பழைய சைக்கிள்: பாம்பனில் பார்த்ததும் பரமக்குடியில் வாங்கியதும்

மண்டபம் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கத்துக் காற்று வீசினாலும் அது உப்பைச் சுமந்தே வருகிறது. இந்தக் காற்றில் வைத்து ஓட்டுவதற்காகச் சென்ற ஆண்டு மூன்று வண்டிகளைப் பார்த்தேன். பாம்பனில் 1,500 ரூபாய்க்கு ஒரு பழைய ஹெர்குலிஸ், பரமக்குடியில் 2,400 ரூபாய்க்கு அதே வகை வண்டி, ராமநாதபுரத்தில் ஒரு புதிய அலுமினியக் கியர் சைக்கிள். பரமக்குடி வண்டியைத்தான் வாங்கினேன். இன்றும் அதுவே சரி என்கிறேன்.

டயர், செயின், பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பழைய வண்டியின் எடை ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர, நம் சமதளக் கரையில் அது பெரிய சுமையன்று.

பார்க்க வேண்டியது பிரேம் குழாயின் உட்புறம். சீட்டுக் கம்பி நுழையும் இடுக்கு வழியாக இறங்கும் ஈரம், பெடல் அச்சு சுழலும் கூட்டில் போய்த் தேங்குகிறது; அதனுடன் உப்பும் சேர்ந்தால், வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கிவிடும். பாம்பன் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனால் சீட்டுக் கம்பி அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் பொறுத்து, முறுக்கி உருவிய பிறகு வண்டியைக் கவிழ்த்தபோது, மிளகாய்த்தூள் நிறத்தில் செதில் செதிலாகத் துரு என் உள்ளங்கை நிறையக் கொட்டியது. உடன் வந்த சைக்கிள் கடை அண்ணன் ஒரு நாணயத்தால் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே கணீரென்று கேட்ட ஒலி, கூட்டுக்கு நான்கு விரற்கடை மேலே மந்தமாகிப்போனது. “இது வேண்டாம் தம்பி, 500 ரூபாய்க்குக் குடுத்தாலும் வேண்டாம்” என்றார்.

பரமக்குடி வண்டியில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. ஆனால் சீட்டுக் கம்பி இழுத்தவுடன் கையோடு வந்தது, டார்ச் அடித்துப் பார்த்த குழாய்க்குள் மெல்லிய பழுப்புப் படலம் மட்டுமே தெரிந்தது. பிறகு பின்சக்கர அச்சின் ஒரு முனையில் கயிற்றைக் கட்டி, ஹேண்டில்பார் இறங்கும் முன்கழுத்தைச் சுற்றி மறுமுனைக்கு இழுத்து, சீட்டுக் குழாய்க்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தோம்; சமமாக இருந்ததால் பிரேமில் கோட்டமில்லை என்று உறுதியாயிற்று. முன்கழுத்துக்குக் கீழே பெயின்ட் சுருங்கியிருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது என்று பொருள். அதையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அலுமினிய வண்டியைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. மைத்துனருடையதைச் சில மாதங்கள் ஓட்டியதோடு சரி. லேசானது, பிரேமில் செந்துரு பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அலுமினியத்தில் முடுக்கிய இரும்புத் திருகுகள் உப்பு ஈரத்தில் இறுகிக்கொள்வதை அந்த வண்டியிலேயே பார்த்தேன். இரும்புப் பிரேம் விரிசல் விட்டால் உள்ளூர்ப் பட்டறையிலேயே பற்றவைத்துவிடலாம். அலுமினியத்தைப் பற்றவைப்பவரை இந்தப் பக்கத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. தினமும் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு, வீட்டுக்குள் நிறுத்த இடமும் இருந்தால், அதுவே பொருந்தக்கூடும்.

வாங்கிய வாரமே பிரேமைக் கழற்றி, குழாய்க்குள் எஞ்சின் ஆயில் ஊற்றி, நாலா பக்கமும் சாய்த்து, மிஞ்சியதை வடித்தேன். வாடை மழை ஓய்ந்த பிறகு கூட்டைத் திறந்து பார்த்தபோது, கிரீஸ் கறுத்திருந்ததே தவிர, செதில் ஒன்றுகூட விழவில்லை.