மான்ஸ்டர் மேனுவல்: 17ஆம் லெவலைத் தொட்ட குழுவுக்கு ஈடுகொடுக்குமா?

கதாபாத்திரங்களாக மாறிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கு 2014இல் வெளிவந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற எதிரி உயிரினங்களின் தொகுப்பு நூலை, 17ஆம் லெவலை (பாத்திரங்களின் வளர்ச்சிப் படி) தொட்ட ஒரு குழுவுக்கு ஆட்டம் நடத்துபவன் என்ற முறையில் மதிப்பிடுகிறேன். அந்த லெவலில் மந்திரவாதிக்கு மிக உயர்ந்த ஒன்பதாம் நிலை மந்திரமே கைவந்துவிடுகிறது. ஒரு சேவிங் த்ரோ (மந்திரத்தின் விளைவிலிருந்து தப்ப உருட்டும் பகடை) தவறினால் எவ்வளவு பெரிய எதிரியும் களத்திலிருந்து அகற்றப்படலாம் என்பதால், எதிரி தாங்கும் சேதத்தின் அளவான ஹிட் பாயிண்டைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. வீரர்களின் டர்ன்களுக்கு (அவரவர் செயல்படும் முறை) இடையே எதிரிக்கும் செயல்பட வழி இருக்க வேண்டும்.

இதை மிகச் சிறப்பாகச் செய்திருப்பது ஏன்ஷியன்ட் ரெட் டிராகன். என் மேசையில் நடந்த ஒரு சண்டையில் மந்திரவாதி முதல் டர்னிலேயே எதிரியை வேறு உலகுக்கு விரட்டும் பேனிஷ்மென்ட் மந்திரத்தை ஏவ, டிராகனுக்காக நான் உருட்டிய இருபது பக்கப் பகடையில் 4 மட்டுமே விழுந்து சேவிங் த்ரோ தவறியது. தவறிய சேவிங் த்ரோவை வென்றதாக மாற்ற, நாளுக்கு மூன்று முறை மட்டுமே கிடைக்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸில் ஒன்றைச் செலவழித்து அது தப்பியது. அடுத்த கணமே, பிறரின் டர்ன் முடிவில் செயல்பட உதவும் இரண்டு லெஜண்டரி ஆக்‌ஷன்களைக் கொடுத்துச் சிறகுகளை அடித்து, அருகில் நின்ற இரு வாள்வீரர்களையும் தரையில் சாய்த்துவிட்டு 40 அடி மேலே எழும்பியது. செயல்படும் வரிசையான இனிஷியேட்டிவில் 20 வந்ததும், டிராகனின் குகையே செயல்படும் விதிப்படி, குகைத் தரை பிளந்து எரிகுழம்பு பீறிட்டது. 546 ஹிட் பாயிண்டைக் காட்டிலும், வீரர்களுக்கு மூச்சுவிட இடம் தராத இந்த ஓட்டமே அவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது.

இறந்தபின்னும் மாயத்தால் நடமாடும் மந்திரவாதியான லிச் வேறு வகை. அதற்கு 135 ஹிட் பாயிண்ட் மட்டுமே இருப்பதால் நேருக்கு நேர் நிறுத்தினால் ஒரே சுற்றில் விழக்கூடும். பிறர் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லையும், உடல் அழிந்தாலும் மீண்டுவர உதவும், மறைத்துவைத்த ஃபைலாக்டரியையும் நம்பித்தான் அதை ஆட வேண்டும்.

ஏமாற்றம் தருவது டராஸ்க் என்ற மாபெரும் அசுரவிலங்கு. சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடின அளவு) 30, ஆர்மர் கிளாஸ் (அடி படத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) 25, ஹிட் பாயிண்ட் 676 என்று எண்கள் மிரட்டினாலும், அதற்குப் பறக்கத் தெரியாது. அதன் வாலும் 20 அடிக்கு மேல் எட்டாது. பறக்கும் மந்திரமும் மந்திர வில்லும் உள்ள ஒருவர் உயரத்தில் நின்றபடியே அதை வீழ்த்திவிட முடியும் என்பது, நூலின் மிகப் பெரிய எதிரிக்கு இருக்கக்கூடாத குறை. 2025 பதிப்பில் 150 அடி தூரம் பாயும் கர்ஜனையை அதற்குக் கொடுத்துச் சரிசெய்திருக்கிறார்கள்.

இன்னொரு குறை, இத்தகைய எதிரிகளை எப்படி ஆடுவது என்று இந்நூல் அதிகம் சொல்வதில்லை. ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் என்ற கணக்கு ஆட்டம் நடத்துபவருக்கான 2014 டன்ஜியன் மாஸ்டர்ஸ் கைடில்தான் இருக்கிறது; அதைப் படிக்காமல், நன்றாக ஓய்வெடுத்து வந்த குழுவின் முன் டிராகனை மட்டும் நிறுத்தினால் அதுகூட எளிதில் வீழ்ந்துவிடலாம். பழைய பதிப்பையே வைத்திருப்பவர்கள் டராஸ்க்கை வெட்டவெளியில் நிறுத்தாமல், மக்கள் நிறைந்த நகரை நோக்கி நடக்க விடுங்கள். வானில் நிற்பவர் அம்பு எய்துகொண்டிருக்கும் நேரத்தில் கீழே ஒவ்வொரு தெருவாக இடிந்துகொண்டிருக்கும்.